சோவியத் யூனியன் உடைந்த கதை: திரும்பத் திரும்பக் கேட்கப்படும் கேள்விகள்

போட்டித் தேர்வு எழுதும் பிள்ளைகளுக்கு உலக வரலாறு எடுக்கிறேன். பாடம் நடக்கும்போது அமைதியாக இருப்பார்கள். முடித்துவிட்டுக் கிளம்பும்போதுதான் வாசலில் மறித்துக்கொண்டு கேட்பார்கள். 2022இல் உக்ரைன் போர் தொடங்கியதிலிருந்து சொந்தக்காரர்களும் சேர்ந்துகொண்டார்கள். ஒரே கேள்விக்குப் பத்து தடவை பதில் சொல்லி அலுத்துப்போய், கேட்டவர்கள் கேட்டபடியே எழுதிவைத்தது இது.

சோவியத் யூனியன்னா ரஷ்யாதானே சார்? ரெண்டும் வேற வேறயா?

வேறு வேறுதான். இது தெளிவானால் மற்ற குழப்பங்களில் பாதி தீரும். 1922 டிசம்பர் 30 அன்று உருவான சோவியத் யூனியனில் கடைசிக் காலத்தில் 15 குடியரசுகள் இருந்தன. உக்ரைன், கஜகஸ்தான், ஜார்ஜியா, லிதுவேனியா போல ரஷ்யாவும் அவற்றில் ஒன்று. ஆனால் மற்ற 14 குடியரசுகளின் பரப்பையும் கூட்டினாலும் ரஷ்யாவில் மூன்றில் ஒரு பங்குகூடத் தேறாது. 1989 கணக்கெடுப்பில் மொத்த மக்கள்தொகை சுமார் 28.7 கோடி. அதில் பாதிக்குச் சற்று மேல் ரஷ்யக் குடியரசில் வாழ்ந்தார்கள்.

இதில் ஒரு விசித்திரம் உண்டு. மற்ற குடியரசுகளுக்கெல்லாம் தனியாக ஒரு கம்யூனிஸ்ட் கட்சிக் கிளை இருந்தது. ரஷ்யாவுக்கு மட்டும் 1990 வரை கிடையாது. மொத்த வீடும் அவர்களுடையதாக இருக்கும்போது தனி அறை எதற்கு என்ற நினைப்புதான். ரஷ்யா தனக்கும் தனி அறை வேண்டும் என்று கேட்ட அன்றுதான் நிஜமான சிக்கல் ஆரம்பித்தது. அதைப் பின்னால் பார்ப்போம்.

எந்தத் தேதியை எழுதணும்? ஒரு புத்தகத்துல டிசம்பர் 8, இன்னொன்னுல 25, இன்னொன்னுல 26 போட்டிருக்கே?

மூன்றுமே சரி, ஒவ்வொன்றும் வேறு வேறு நிகழ்ச்சி. 1991 டிசம்பர் 8 அன்று ரஷ்யா, உக்ரைன், பெலாரஸ் தலைவர்கள் யூனியன் இனி இல்லை என்று கையெழுத்திட்டார்கள். 21 அன்று அல்மாட்டியில் (அப்போது அல்மா-அட்டா) 11 குடியரசுகள் அதை ஏற்றன. 25 மாலை சோவியத் ஜனாதிபதி கோர்பச்சேவ் தொலைக்காட்சியில் பதவி விலகலை அறிவித்தார், கிரெம்ளினில் செங்கொடி இறங்கியது. 26 அன்று நாடாளுமன்றத்தின் மேலவை கூடி, நாடு முடிந்தது என்று தீர்மானம் போட்டது. தேர்வில் 'அதிகாரப்பூர்வமாக' என்று கேட்டிருந்தால் 26 என்று எழுதுங்கள்.

பெர்லின் சுவர் இடிஞ்சப்பவே சோவியத்தும் போச்சு இல்லையா?

இல்லை. சுவர் திறந்தது 1989 நவம்பர் 9. அது ஜெர்மனி. போலந்து, ஹங்கேரி, செக்கோஸ்லோவாக்கியா, கிழக்கு ஜெர்மனி எல்லாம் சோவியத்தின் கூட்டாளி நாடுகள், யூனியனின் உறுப்பினர்கள் அல்ல. அங்கெல்லாம் ஆட்சி மாறிய பிறகும் சோவியத் யூனியன் இரண்டு வருடத்துக்கு மேல் நீடித்தது. ஆனால் 1956இல் ஹங்கேரிக்கும் 1968இல் செக்கோஸ்லோவாக்கியாவுக்கும் டாங்கி அனுப்பிய மாஸ்கோ இந்த முறை அனுப்பவில்லை. அதை உள்ளே இருந்த குடியரசுகளும் பார்த்துக்கொண்டுதான் இருந்தன.

ராக்கெட் விட்ட நாட்டுல கடையில சோப்பு இல்லைன்னு சொல்றாங்களே, நம்பறதா?

நம்பலாம். கையில் பணம் இருந்தது, கடையில் சரக்கு இல்லை. நம் ஊரில் தட்டுப்பாடு என்றால் விலை ஏறும். அங்கே விலையை அரசு நிர்ணயிக்கும், அது ஏறாது. அதனால் விலைக்குப் பதிலாக வரிசை நீண்டது. எங்கே என்ன கிடைக்கும் என்று தெரியாததால் மக்கள் எப்போதும் ஒரு வலைப்பையைச் சுருட்டிப் பையில் வைத்திருப்பார்கள். அதற்குப் பெயர் 'அவோஸ்கா'. 'அவோஸ்' என்றால் ஒருவேளை. ஒருவேளை ஏதாவது கிடைத்தால் வாங்கிவர ஒரு பை.

சரி, விலையை ஏற்றித் தொலைக்க வேண்டியதுதானே? 1962இல் ஏற்றிப் பார்த்தார்கள். இறைச்சி, வெண்ணெய் விலை கூடியதும் நோவோசெர்காஸ்க் நகரத் தொழிலாளர்கள் தெருவில் இறங்கினார்கள். ராணுவம் சுட்டதில் 26 பேர் இறந்தார்கள். தொழிலாளர் அரசு தொழிலாளரைச் சுட்ட செய்தி வெளியே வராமல் மூடி மறைக்கப்பட்டது. அந்தப் பயத்தில் அடிப்படை உணவுப் பொருள்களின் விலையை 1991 வரை பெரிதாகத் தொடவே இல்லை. உற்பத்திச் செலவுக்கும் விற்பனை விலைக்கும் நடுவில் இருந்த பள்ளத்தை அரசு தன் பணத்தால் நிரப்பிக்கொண்டிருந்தது.

அந்தப் பணம் பெரும்பாலும் எண்ணெயிலிருந்து வந்தது. 1970களில் எண்ணெய் விலை எகிறியபோது சைபீரிய எண்ணெயை விற்று அமெரிக்காவிலும் கனடாவிலும் கோதுமை வாங்கினார்கள். உலகின் மிக வளமான கரிசல் மண்ணில் பெரும்பகுதியை வைத்துக்கொண்டு கோதுமை இறக்குமதி! 1986இல் எண்ணெய் விலை ஒரு பீப்பாய் 10 டாலர் அளவுக்குச் சரிந்தது. பள்ளத்தை நிரப்பப் பணமில்லை. நோட்டு அடித்தார்கள். கையில் இன்னும் அதிகப் பணம், கடையில் இன்னும் குறைவான சரக்கு. யூனியன் எதனால் விழுந்தது என்று ஒரே வரியில் கேட்டால் நான் முதலில் இந்தப் பக்கம்தான் கை காட்டுவேன்.

ஆப்கானிஸ்தான் போரும் ரீகனோட 'ஸ்டார் வார்ஸ்' திட்டமும்தான் கவிழ்த்துச்சுன்னு படிச்சேன்?

'ஸ்டார் வார்ஸ்' என்பது எதிரி ஏவுகணைகளை விண்வெளியிலிருந்தே தடுக்க அமெரிக்க ஜனாதிபதி ரீகன் அறிவித்த திட்டம். இரண்டுக்கும் பங்கு உண்டு. கவிழ்த்தது அவைதான் என்று சொல்ல மாட்டேன். ஆப்கான் போர் 1979 டிசம்பரில் தொடங்கி 1989 பிப்ரவரியில் முடிந்தது. சோவியத் வீரர்கள் சுமார் 15,000 பேர் இறந்தார்கள். துத்தநாகப் பெட்டியில் மூடி வந்த உடல்களைச் சத்தமில்லாமல் புதைக்கச் சொன்னார்கள். அரசின்மேல் இருந்த நம்பிக்கையை அது அரித்தது. ராணுவச் செலவு நிச்சயம் பெரிய பாரம்தான். ஆனால் அந்தப் பாரம் ரீகன் வருவதற்கு முன்பே இருந்தது. அமெரிக்கா தள்ளியதால் விழுந்தது என்ற கதை அமெரிக்காவில் நன்றாக விற்கும். சோவியத் விசுவாசிகளுக்கும் அது பிடிக்கும். உள்ளே என்ன அழுகியது என்று பார்க்கும் வேலை இல்லையே.

கோர்பச்சேவ் அமெரிக்காகிட்ட விலை போயிட்டாரா?

எங்கள் தாய்மாமா இன்றைக்கும் அப்படித்தான் சொல்கிறார். அதற்கு எந்த ஆதாரமும் இல்லை. 1982 நவம்பருக்கும் 1985 மார்ச்சுக்கும் இடையில் பிரெஷ்னேவ், ஆந்த்ரோபோவ், செர்னென்கோ என்று மூன்று முதியவர்கள் பதவியிலேயே இறந்தார்கள். நான்காவதாக வந்தவருக்கு 54 வயது. அவர் சோஷலிசத்தைச் சீர்திருத்தத்தான் நினைத்தார், ஒழிக்க அல்ல. 'பெரெஸ்த்ரோய்கா' என்றால் மறுகட்டமைப்பு, 'கிளாஸ்நோஸ்த்' என்றால் ஒளிவுமறைவின்மை.

என் கருத்தில் அவர் செய்த பெரிய தவறு, எதை முதலில் செய்வது என்ற வரிசையில் இருக்கிறது. பொருளாதாரத்தில் அரைகுறையாக நின்றார், அரசியலில் கடகடவென்று திறந்துவிட்டார். 1985இல் குடிக்கு எதிராகப் பெரிய இயக்கம் நடத்தினார். கிரிமியாவிலும் மால்டோவாவிலும் திராட்சைத் தோட்டங்களை வெட்டினார்கள். கள்ளச்சாராயம் காய்ச்சுவதற்காக மக்கள் சர்க்கரையை அள்ளிக்கொண்டு போனார்கள். சாராய வரி போயிற்று, கூடவே சர்க்கரையும் காணாமல் போயிற்று. 'ஜெனரல் செக்ரட்டரி'யை 'மினரல் வாட்டர் செக்ரட்டரி' என்று கிண்டல் செய்தார்கள். முன்பெல்லாம் இந்தக் கிண்டலைச் சமையலறையில் மட்டும் சொல்வார்கள். இவர் காலத்தில்தான் வெளியே சொல்ல முடிந்தது.

செர்னோபில் இல்லன்னா தப்பிச்சிருக்குமா?

தப்பித்திருக்கும் என்று நினைக்கவில்லை. 1986 ஏப்ரல் 26 அன்று உக்ரைனில் செர்னோபில் அணுமின் நிலையத்தின் உலை வெடித்தது. பக்கத்து நகரமான பிரிப்யாத் மக்களை மறுநாள் பிற்பகல்தான் வெளியேற்றினார்கள். ஐந்தாம் நாள், மே தின ஊர்வலத்தில், கீவ் நகரப் பிள்ளைகள் நடந்தார்கள். உக்ரைனிலும் பெலாரஸிலும் சாதாரண மக்களுக்கு மாஸ்கோமேல் வந்த கோபத்துக்கு அது ஒரு பெரிய தொடக்கப்புள்ளி.

மக்களே சேர்ந்திருக்கணும்னு ஓட்டுப் போட்டாங்களாமே, அப்புறம் எப்படி உடைஞ்சது?

நல்ல கேள்வி. 1991 மார்ச் 17 வாக்கெடுப்பில் ஓட்டுப் போட்டவர்களில் முக்கால் பங்குக்கு மேல் யூனியன் தொடர வேண்டும் என்றார்கள். ஆனால் மூன்று பால்டிக் நாடுகள் (எஸ்டோனியா, லாட்வியா, லிதுவேனியா), ஜார்ஜியா, ஆர்மீனியா, மால்டோவா ஆகிய ஆறு குடியரசுகள் வாக்கெடுப்பையே நடத்த மறுத்துவிட்டன. பால்டிக் நாடுகளின் கதை தனி. 1939இல் ஸ்டாலினும் ஹிட்லரும் செய்துகொண்ட ரகசிய ஒப்பந்தத்தின் பேரில் வலுக்கட்டாயமாகச் சேர்க்கப்பட்டவர்கள் அவர்கள். அந்த ஒப்பந்தத்தின் 50ஆம் ஆண்டு நாளில், 1989 ஆகஸ்ட் 23 அன்று, தாலினிலிருந்து ரிகா வழியாக வில்னியஸ் வரை சுமார் 600 கிலோமீட்டருக்குக் கைகோத்து நின்றார்கள். லிதுவேனியா 1990 மார்ச்சிலேயே விடுதலையை அறிவித்துவிட்டது.

கேள்வித்தாளிலும் ஒரு சூட்சுமம் இருந்தது. 'சம உரிமையுள்ள இறையாண்மைக் குடியரசுகளின் புதுப்பிக்கப்பட்ட கூட்டமைப்பு' வேண்டுமா என்று கேட்டார்கள். யூனியன் வேண்டும் என்பவரும் ஆமாம் போடலாம், இறையாண்மை வேண்டும் என்பவரும் ஆமாம் போடலாம். அதே நாளில் ரஷ்யாவில் கூடுதலாக ஒரு கேள்வி: ரஷ்யாவுக்கு நேரடித் தேர்தலில் தனி ஜனாதிபதி வேண்டுமா? அதற்கும் ஆமாம். முதல் பதிலில் சொன்ன தனி அறை இதுதான். ஜூன் 12 அன்று போரிஸ் எல்ட்சின் ஜெயித்தார். ஒரே நகரில் இரண்டு ஜனாதிபதிகள். ஒருவரை மக்கள் நேரடியாகத் தேர்ந்தெடுத்திருந்தார்கள். கோர்பச்சேவோ அந்தப் பதவிக்குப் பொதுமக்களின் ஓட்டைக் கேட்டதில்லை. அந்த வருடம் குடியரசுகள் ஒவ்வொன்றாக மத்திய அரசுக்கு வரி அனுப்புவதை நிறுத்தின. வரி வராத அரசு எத்தனை நாள் ஓடும்?

அத்தனை பெரிய ராணுவம், கேஜிபி எல்லாம் இருந்தும் ஆகஸ்ட் கலகம் ஏன் மூணே நாள்ல புஸ்ஸுன்னு போச்சு?

குடியரசுகளுக்கு அதிக அதிகாரம் தரும் புதிய ஒப்பந்தம் 1991 ஆகஸ்ட் 20 அன்று கையெழுத்தாக இருந்தது. அதைத் தடுக்கத்தான் 19ஆம் தேதி காலை டாங்கிகள் வந்தன. துணை ஜனாதிபதி, பிரதமர், பாதுகாப்பு அமைச்சர், உள்துறை அமைச்சர், உளவுத்துறையான கேஜிபியின் தலைவர் என்று எல்லோருமே சதியில் இருந்தார்கள். கோர்பச்சேவை கிரிமியாவில் விடுமுறை வீட்டிலேயே பூட்டிவைத்தார்கள். தொலைக்காட்சியில் 'ஸ்வான் லேக்' பாலே நடனம் ஓடியது. எல்ட்சினைக் கைது செய்யவில்லை. தொலைபேசி இணைப்புகளைக்கூட முழுதாகத் துண்டிக்கவில்லை. அன்று மாலை செய்தியாளர் கூட்டத்தில் துணை ஜனாதிபதி யானயேவின் கை நடுங்கியதை நாடே பார்த்தது.

எல்ட்சின் டாங்கிமேல் ஏறிப் பேசினார். நாடாளுமன்றக் கட்டடத்தைச் சுற்றி மக்கள் திரண்டார்கள். கட்டடத்தைப் பிடிக்க வேண்டிய 'ஆல்ஃபா' படைப்பிரிவு தயங்கி நின்றுவிட்டது. மூன்று இளைஞர்கள் இறந்தார்கள். 21ஆம் தேதி கதை முடிந்தது. சுடச் சொல்லும் தைரியம் மேலே இல்லை, சுடும் மனம் கீழே இல்லை. யூனியனைக் காப்பாற்ற வந்தவர்கள் அதன் ஆயுளைக் குறைத்ததுதான் மிச்சம். 24 அன்று உக்ரைன் விடுதலை அறிவித்தது, கோர்பச்சேவ் கட்சித் தலைமையை விட்டார்.

மூணு பேர் காட்டுக்குள்ள உக்காந்து ஒரு நாட்டைக் கலைக்க முடியுமா? சட்டப்படி செல்லுமா?

டிசம்பர் 1 அன்று உக்ரைனில் நடந்த வாக்கெடுப்பில் 90 சதவீதத்துக்கு மேல் விடுதலைக்கு ஓட்டுப் போட்டார்கள். ரஷ்யர்கள் பெரும்பான்மையாக இருந்த கிரிமியாவில்கூட 54 சதவீதம். அதற்குப் பிறகு ஒரு வாரத்தில்தான் எல்ட்சின், உக்ரைனின் கிராவ்சுக், பெலாரஸின் ஷுஷ்கேவிச் மூவரும் பெலாரஸின் பெலோவேஷ் காட்டில் ஒரு வேட்டை மாளிகையில் கூடினார்கள். 1922இல் யூனியனைத் தொடங்கிய நாங்களே முடிக்கிறோம் என்பது அவர்கள் வாதம்.

சட்ட நூலை வைத்துக்கொண்டு பார்த்தால் ஓட்டைகள் உண்டு. அரசியலமைப்பின் 72ஆம் பிரிவு விலகும் உரிமையைத் தந்தது. ஆனால் 1990இல் வந்த சட்டம் மூன்றில் இரண்டு பங்கு ஓட்டும் ஐந்து வருடம் வரை இடைக்காலமும் கேட்டது. அந்த வழியில் யாரும் போகவில்லை. இருந்தாலும் ரஷ்ய நாடாளுமன்றம் அந்தக் காட்டு ஒப்பந்தத்தைப் பெரும் ஆதரவோடு ஏற்றது, கம்யூனிஸ்ட் உறுப்பினர்களும் கையைத் தூக்கினார்கள். இதை மட்டும் மறக்காதீர்கள்: கடைசியில் ரஷ்யாவே எழுந்து போனதால்தான் யூனியன் முடிந்தது. லிதுவேனியா மட்டும் போயிருந்தால் ஓர் ஓரம் கிழிந்திருக்கும், அவ்வளவுதான்.

விண்வெளியில ஒருத்தர் மாட்டிக்கிட்டாராமே?

செர்கேய் கிரிகாலேவ். 1991 மே மாதம் மீர் நிலையத்துக்குப் போனார், 1992 மார்ச் 25 அன்று இறங்கினார், 311 நாள். போனபோது அவர் ஊர் பெயர் லெனின்கிராட், வந்தபோது செயின்ட் பீட்டர்ஸ்பர்க். இறங்கிய கஜகஸ்தான் மண் வெளிநாடாகியிருந்தது. 'மாட்டிக்கொண்டார்' என்பது கொஞ்சம் மிகை. மாற்று ஆள் வராததால் கூடுதல் நாள் இருக்க அவரே சம்மதித்தார்.

உக்ரைன் அணுகுண்டைத் திருப்பிக் கொடுத்தது முட்டாள்தனம்தானே?

இன்று உட்கார்ந்து சொல்வது சுலபம். அன்று உக்ரைனில் சுமார் 1,900 தொலைதூரத் தாக்குதல் குண்டுகள் இருந்தன, உலகில் மூன்றாம் இடம். ஆனால் ஏவும் கட்டுப்பாடு மாஸ்கோவிடம். பராமரிக்கப் பணமும் இல்லை. வைத்துக்கொண்டால் ரஷ்யா, அமெரிக்கா இரண்டு பேரின் பகையும் வரும். 1994 டிசம்பர் 5 அன்று புடாபெஸ்டில் ரஷ்யா, அமெரிக்கா, பிரிட்டன் மூன்றும் உக்ரைனின் எல்லையை மதிப்பதாகக் கையெழுத்திட்டன. 1996 நடுவில் கடைசிக் குண்டும் போனது. கஜகஸ்தானும் பெலாரஸும் அதேபோல ஒப்படைத்தன. எல்லையை மதிப்போம் என்ற உறுதி மட்டுமே அதில் இருந்தது. தாக்கினால் படையோடு வருவோம் என்று யாரும் எழுதித் தரவில்லை. 2014இல் ரஷ்யா கிரிமியாவைப் பிடித்தபோது அந்த வித்தியாசம் தெரிந்தது.

மக்கள் பேங்க்ல போட்ட பணம் என்ன ஆச்சு?

கரைந்தது. முதல் அடி யூனியன் இருக்கும்போதே விழுந்தது. 1991 ஜனவரி 22 இரவுச் செய்தியில் 50, 100 ரூபிள் நோட்டுகள் செல்லாது என்றார்கள். மாற்ற மூன்று நாள், ஆளுக்கு 1,000 ரூபிள் வரை. 2016 நவம்பர் 8 இரவு ஞாபகம் வருகிறதா? எனக்கும் வந்தது.

இரண்டாவது அடி 1992 ஜனவரி 2. மேலே கடைக் கேள்வியில் சொன்ன விலைக் கட்டுப்பாட்டை எல்ட்சின் அரசு ஒரே நாளில் பெரும்பாலும் எடுத்துவிட்டது. கடையில் சரக்கு வந்தது. ஆனால் அந்த ஒரு வருடத்தில் விலைகள் சுமார் 26 மடங்கு ஆயின. கார் வாங்கச் சேர்த்த பணத்தில் சில கிலோ இறைச்சிதான் வாங்க முடிந்தது. ஓய்வூதியக்காரர்கள் மெட்ரோ வாசலில் வீட்டுப் பாத்திரங்களையும் பதக்கங்களையும் விற்றார்கள். ரஷ்ய ஆண்களின் சராசரி ஆயுள் 1990இல் 64ஐ ஒட்டி இருந்தது, 1994இல் 58க்கும் கீழே இறங்கியது. போர் இல்லாத காலத்தில் இப்படி ஒரு சரிவு அபூர்வம். அங்கே வயதானவர்கள் பழைய காலத்தை ஏங்கிப் பேசினால் சித்தாந்தத்தைத் தேடாதீர்கள், இந்த வருடங்களை நினைத்துக்கொள்ளுங்கள்.

ஆலிகார்க்குன்னு சொல்றாங்களே, அவங்களுக்கு மட்டும் பணம் எங்கிருந்து வந்தது?

ஆலிகார்க் என்றால் அரசியல் செல்வாக்குள்ள பெரும்பணக்காரர். 1992இல் ஒவ்வொரு குடிமகனுக்கும் 10,000 ரூபிள் மதிப்பில் ஒரு பங்குச் சீட்டு கொடுத்தார்கள். ஆலைகளில் பங்கு வாங்கிக்கொள்ளச் சொன்னார்கள். சாப்பாட்டுக்கே வழியில்லாதவர்கள் அதைத் தெருவில் விற்றார்கள், விவரமானவர்கள் மூட்டையாக வாங்கினார்கள். 1995இல் அரசு தனியார் வங்கிகளிடம் கடன் வாங்கி, ஈடாக எண்ணெய், நிக்கல் நிறுவனப் பங்குகளைக் கொடுத்தது. கடன் திரும்பவில்லை. பங்குகள் வங்கி முதலாளிகளுக்கே அடிமாட்டு விலைக்குப் போயின.

எப்படியோ, ரத்தம் சிந்தாம பிரிஞ்சாங்கல்ல?

மாஸ்கோவிலிருந்து பார்த்தால் அப்படித் தெரியும். பாகுவில் 1990 ஜனவரியில் ராணுவம் நுழைந்து நூற்றுக்கு மேற்பட்டோர் இறந்தார்கள். வில்னியஸில் 1991 ஜனவரியில் 14 பேர். நாகோர்னோ-கராபாக், அப்காசியா, டிரான்ஸ்னிஸ்ட்ரியா ஆகிய இடங்களில் நடந்த போர்கள், தஜிகிஸ்தானின் ஐந்தாண்டு உள்நாட்டுப் போர், பிறகு செச்னியா. பழைய நிர்வாகக் கோடுகளெல்லாம் ஒரே இரவில் நாட்டு எல்லைகளாயின. சுமார் 2.5 கோடி ரஷ்யர்கள் வீட்டை விட்டு நகராமலே வெளிநாட்டில் வாழ்பவர்கள் ஆனார்கள். பெரிய அணு ஆயுத நாடு உடைந்தும் யுகோஸ்லாவியா அளவு பற்றி எரியவில்லை என்பது உண்மை. சிந்தவே இல்லை என்பது பொய்.

சீனாவும் கம்யூனிஸ்ட் நாடுதான். அது மட்டும் ஏன் உடையல?

கோர்பச்சேவ் பதிலில் சொன்ன வரிசை அங்கே தலைகீழ். 1978க்குப் பிறகு நிலத்தை விவசாயக் குடும்பங்களின் பொறுப்பில் விட்டார்கள், சந்தையை மெல்லத் திறந்தார்கள். அரசியலைத் திறக்கவில்லை. 1989 ஜூனில் பெய்ஜிங்கில் போராடியவர்களைச் சுடவும் செய்தார்கள். சீன மக்களில் பத்தில் ஒன்பது பேருக்கு மேல் ஹான் இனத்தவர், சோவியத்தில் ரஷ்யர்கள் பாதிதான். விலகும் உரிமை கொண்ட குடியரசுகளும் சீன அரசியலமைப்பில் கிடையாது. சீன வழியை மாஸ்கோ பின்பற்றியிருக்க முடியுமா என்று கேட்டால் எனக்குச் சந்தேகம்தான். சம்பளத்துக்கு வேலை செய்து பழகிய கூட்டுப்பண்ணைக்காரரிடம் நிலத்தைக் கொடுத்தால் அவர் வாங்குவாரா?

நமக்கு அதனால என்ன ஆச்சு?

ரூபாயிலேயே வணிகம் செய்த பெரிய வாடிக்கையாளர் போனார். இந்தியத் தேயிலைக்கு அது பெரிய இடி. ராணுவ உதிரிபாகங்களுக்கு எந்த நாட்டில் எந்த ஆலை இருக்கிறது என்று தேட வேண்டியதாயிற்று. கூடங்குளம் ஒப்பந்தம் ராஜீவ் காந்தியும் கோர்பச்சேவும் 1988 நவம்பரில் போட்டது. நாடே கலைந்ததில் அது கிடப்பில் கிடந்து, 1998இல் ரஷ்யாவோடு மறுபடி பேசி, கட்டுமானம் 2002இல்தான் தொடங்கியது. ராக்கெட்டுக்கான கிரையோஜெனிக் எஞ்சின் தொழில்நுட்பத்தைத் தர ஒப்புக்கொண்ட ரஷ்யா, அமெரிக்க நெருக்குதலில் 1993இல் பின்வாங்கி எஞ்சின்களை மட்டும் தந்தது. பிறகு நாமே செய்து மகேந்திரகிரியில் சோதித்து, 2014 ஜனவரியில் வெற்றிகரமாகப் பறக்கவிட்டோம்.

தமிழ்நாட்டில் இன்னொரு இழப்பும் உண்டு. மாஸ்கோ முன்னேற்றப் பதிப்பகம் அச்சிட்ட தமிழ்ப் புத்தகங்கள் நியூ செஞ்சுரி புக் ஹவுஸில் கொள்ளை மலிவாகக் கிடைக்கும். அந்த வரத்து நின்றது. 'சோவியத் நாடு' இதழின் வழுவழுப்பான தாளில் பாடப் புத்தகத்துக்கு அட்டை போட்டவர்களுக்கு நான் சொல்வது புரியும்.

நேட்டோ கிழக்கே ஒரு இஞ்ச்கூட வராதுன்னு வாக்குக் கொடுத்து ஏமாத்திட்டாங்களா?

நேட்டோ என்பது அமெரிக்கா தலைமையிலான ராணுவக் கூட்டணி. 1990 பிப்ரவரியில் அமெரிக்க வெளியுறவு அமைச்சர் பேக்கர், கோர்பச்சேவிடம் அந்தப் பொருளில் பேசினார், பதிவு இருக்கிறது. ஜெர்மனி இணைப்பைப் பற்றிய பேச்சு அது. அந்த வாசகம் எந்த ஒப்பந்தத்திலும் ஏறவில்லை. போலந்து, ஹங்கேரி, செக் 1999இலும் பால்டிக் நாடுகள் 2004இலும் சேர்ந்தன. அவர்களே கதவைத் தட்டினார்கள் என்பதும் உண்மை, மாஸ்கோவுக்கு அது காயமாக இருந்தது என்பதும் உண்மை. அதற்காக இன்னொரு நாட்டுக்குள் படையோடு நுழைவதை நான் நியாயப்படுத்த மாட்டேன்.

எங்க தாத்தா பெட்டியில ஒரு சோவியத் ரூபிள் நோட்டு இருக்கு. மாத்த முடியுமா?

முடியாது. 1993 ஜூலையிலேயே ரஷ்யா பழைய நோட்டுகளைச் செல்லாது என்று அறிவித்துவிட்டது. சேகரிப்பவர்களிடமும் பெரிய விலை போகாது, ஏராளமாகக் கிடைக்கிறது. 1961ஆம் வருட நோட்டு என்றால் கொஞ்சம் வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். அதன் மதிப்பைப் பெரிய எழுத்தில் ரஷ்ய மொழியில் போட்டிருப்பார்கள். பக்கத்தில் பொடி எழுத்தில் மற்ற 14 குடியரசுகளின் மொழிகளிலும் இருக்கும்.